எல்லோரும் ஐந்து போட்ட ஞாயிறு

பாடம் நடத்துபவருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதை என் கல்லூரி கண்டுபிடித்தபோது, நான் அங்கே பாடம் நடத்தத் தொடங்கித் தலையில் பாதி நரைத்திருந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு வரிசைக்குப் பின்னால் நிற்கும் நாலுமாடித் தனியார் கல்லூரி அது. டிப்ளோமா மாணவர்களுக்குச் சந்தைப்படுத்தல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதுவரை என்னிடம் படித்த யாரும், உங்களுக்கு ஒரு பட்டம் குறைகிறதே மிஸ் என்று புகார் செய்ததில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது.

கல்லூரி முதல்வர் என்னை அறைக்கு அழைத்து, என் அனுபவத்தைக் கல்லூரி பொக்கிஷமாகக் கருதுவதாகச் சொன்னார். பொக்கிஷத்தை எங்கே வைக்கப்போகிறார்கள் என்பதையும் சொன்னார். பகுதிநேரமாக முதுகலை படித்து, ஆண்டு முடிவதற்குள் ஆய்வுத் திட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் தேற வைக்க வேண்டும். தேறாவிட்டால் கீழ்த்தளத்துப் பதிவு கவுண்டர். அங்கே உட்கார்ந்து, எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடித்த பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் பார்த்துப் புன்னகைத்து, கல்லூரியின் டிப்ளோமாக்களை விற்க வேண்டும். “சந்தைப்படுத்தல் தெரிந்தவர்தானே நீங்கள்,” என்றார். நகைச்சுவையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பயிற்சியாக இருக்கட்டும் என்று நான் அப்போதே புன்னகைத்து வைத்தேன்.

எனக்கு வகுப்பறை வேண்டும். காலை நேரத்துத் தூக்கத்தில் மிதக்கும் முகங்களில் ஒன்று, நான் சொன்ன ஏதோ ஒன்றைக் கேட்டுத் திடீரென்று நிமிரும். அதைப் பார்க்கத்தான் நான் வேலைக்குப் போகிறேன். கவுண்டரில் யாரும் அப்படி நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அங்கே தள்ளுபடி உண்டா என்று மட்டும் கேட்பார்கள்.

ஆய்வுக்குத் தலைப்பு தேட வேண்டியிருக்கவில்லை. அது தினமும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது. செய்திக்கு முன்னும் பின்னும் தொலைக்காட்சியில் வரும் ஒரு மசாலாத் தூள் விளம்பரம். சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகர். படகுத்துறையில் ஒரு கூட்டம் அடியாட்களைப் புரட்டி எடுத்துவிட்டு, சட்டையில் ஒரு சுருக்கமும் விழாமல், மண்சட்டிக்கு அருகே குனிந்து மீன் குழம்பை முகர்ந்து பார்ப்பார். கண்ணை மூடித் திறப்பார். அவ்வளவுதான். அந்த வாரம் கடையில் அந்தத் தூள் இருக்காது. அடிதடிக்கும் மல்லி மிளகாய்க்கும் என்ன சம்பந்தம்? அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஒருவர் கண்ணைச் சிமிட்டியதற்காக, மில்லில் அரைத்தே பழகிய நம் பெண்கள் ஏன் பாக்கெட் வாங்குகிறார்கள்? நல்ல கேள்வி என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு நான் விடை தேடிய வழிதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆய்வுத் திட்டத்தில் மூன்றாவது அத்தியாயம் ஆய்வு முறை. முதல் இரண்டு அத்தியாயங்களில் மற்றவர்கள் எழுதியதை மரியாதையாகத் திருப்பி எழுதினால் போதும். மூன்றாவதில் நாம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கருத்து முளைக்கிறது.

முதல் தடவை, பெண்களை அவர்கள் வீட்டில் சந்தித்துப் பேசுவேன் என்று எழுதிக்கொண்டு போனேன். மதிப்பீட்டுக் குழுவில் இரண்டு பேர்: குழுத்தலைவராக ஒரு பேராசிரியை, கூடவே ஒரு பேராசிரியர். பேராசிரியர் என் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “பேசுவது சரி, எண்கள் எங்கே? இது ஆய்வா, தேநீர் விருந்தா?” என்று கேட்டார். தேறவில்லை.

இரண்டாம் தடவை எண்களோடு போனேன். விளம்பரங்களைப் பதிவுசெய்து, எதில் நட்சத்திரம் வருகிறார், எவ்வளவு நேரம், எந்தப் பொருளைத் தொடுகிறார், எந்தப் பொருளைத் தொடாமலே சிரிக்கிறார் என்று வகைபிரித்து எண்ணும் முறை. என் அட்டவணைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதே பேராசிரியர் அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “எண்கள் சரி, மனிதர்கள் எங்கே?” என்றார். போன தடவை கூட்டிக்கொண்டு வந்தேன், வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. “பயனுள்ள கருத்து, நன்றி,” என்றேன். அந்த வாக்கியத்தை முகம் மாறாமல் சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறோம் என்று இப்போது தோன்றுகிறது. தேறவில்லை. ஒருவருக்கு மூன்று வாய்ப்புத்தான். மூன்றாவதும் கைவிட்டுப் போனால் எனக்குக் கவுண்டர்.

என் மேற்பார்வையாளர் நம்மவர். என்னைவிட நிறைய இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை டாக்டர் என்பேன். இருவருக்கும் அதில் மனக்குறை கிடையாது. அவர் ஒரு வழி சொன்னார்.

“அக்கா, பேசாம சர்வே பண்ணிடுங்கலா. பேனலுக்கு நம்பரும் வேணும், ஆளும் வேணும். சர்வேயில ஆளே நம்பர் ஆயிடுவான். ரெண்டு பேருக்கும் சந்தோசம்.”

சரி என்று கேள்வித்தாள் தயாரித்தேன். நடிகரைப் பற்றியும் தூளைப் பற்றியும் வரிசையாகக் கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். முற்றிலும் மறுக்கிறேன் என்றால் ஒன்று, முற்றிலும் ஏற்கிறேன் என்றால் ஐந்து. ‘இந்த நடிகர் சொல்வதை நான் நம்புகிறேன்’, ‘இவர் சமையல் அறிந்தவர் என்று நினைக்கிறேன்’ என்று போகும். படிக்காமலே வட்டம் போடுகிறவர்களைப் பிடிக்கப் பாடநூல் ஒரு தந்திரம் சொல்கிறது: நடுநடுவே சில கூற்றுகளைத் தலைகீழாக வைக்க வேண்டும். ஆகவே ‘இந்த நடிகர் சொல்வதை நான் சிறிதும் நம்புவதில்லை’ என்பதையும் வேறு இடத்தில் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே ஆள் ஐந்து போட முடியாது என்பது பாடநூலின் நம்பிக்கை. பாடநூல் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்ததில்லை.

பெரிய ஆய்வுக்கு முன் ஒரு சிறு முன்னோட்டம் நடத்தி, அதன் முடிவைக் குழுவிடம் காட்ட வேண்டும். ஆட்களுக்கு எங்கே போவது? ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களே. கைக்கு எட்டியவர்களைப் பிடிப்பதற்கு வசதி மாதிரி என்று ஆய்வில் பெயர். யாருடைய வசதி என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஃபாதரிடம் அனுமதி கேட்டேன். அவர் அனுமதி கொடுத்ததோடு நிற்காமல், பூசை முடிவில் மைக்கை எடுத்தார்.

“நம்ம பங்குச் சகோதரி ஒருத்தவங்க இந்த வயசிலயும் விடாம படிக்கிறாங்க. எல்லாரும் ஹாலுக்கு வாங்க, ஒரு பேப்பர் கொடுப்பாங்க. அவங்க பாஸ் பண்றது உங்க கையிலதான் இருக்கு. தாராளமா உதவி செய்யுங்க.”

இந்த வயதில் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அப்போது நன்றியோடுதான் இருந்தேன்.

ஹாலில் மீகூன் என்னும் வறுத்த அரிசிச் சேமியாவும் கோப்பியும் வைத்திருந்தார்கள். மேசைக்கு மேசை கேள்வித்தாளும் சீவிய பென்சிலும் நான் வைத்திருந்தேன். மேற்பார்வைக்கு என் நாத்தனார். என் கணவரின் தங்கை. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடியில் இருக்கிறாள். எந்தக் காரியத்தையும் அவளிடம் ஒப்படைத்தால், கேட்டதற்கு மேல் இரண்டு பங்கு செய்து கொடுப்பாள். கையில் கோப்பிக் கெட்டிலுடன் மேசைகளுக்கு நடுவே நடந்தாள்.

“பின்பக்கமும் இருக்கு, விட்ராதீங்க!”

“ஏன்க்கா பென்சிலு? அழிச்சிட மாட்டாங்க?”

“அழிக்கிறதுக்கு இது என்ன எலெக்‌ஷனா? எழுதுடி.”

“எம் மவன் எஸ்.பி.எம். பாஸ் பண்றதுக்கு எத்தன டியூசன் போனான். இவங்க பாரு, ஊருக்கே மீகூன் போட்டுப் பாஸ் பண்றாங்க.”

“பொறாமப்படாம வட்டத்தப் போடு.”

ஒரு பெரியவர் தாளை என்னிடமே நீட்டினார். “கண்ணாடி வூட்டுல இருக்கும்மா. ஒனக்கு எது நல்லதோ அதப் போட்டுக்க.”

ஆய்வாளர் தம் இருப்பால் விடையளிப்பவர்களைப் பாதிக்கக்கூடாது என்று படித்திருந்தேன். அதனால் தள்ளிப் போய், சுவரில் இருந்த பங்குப் பேரவைப் படங்களை ஆராய்ந்துகொண்டு நின்றேன். அத்தனை பேரும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். நல்ல ஒத்துழைப்பு என்று அன்றைய குறிப்பில் எழுதி வைத்தேன்.

மாலையில் பாயான் பாருவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாள்களை அடுக்கினேன். என் கணவர் எண்களை வாசிக்க, நான் கணினியில் ஏற்றுவதாக ஏற்பாடு.

“அஞ்சு. அஞ்சு. அஞ்சு. அஞ்சு. அஞ்சு.”

“தாளைப் பார்த்துச் சொல்றீங்களா?”

“பார்த்துத்தான் சொல்றேன். பார்க்காம சொன்னாலும் இதான் வரும்போல.”

அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும். இந்த நடிகரை முழுமையாக நம்புகிறேன், ஐந்து. இவரைச் சிறிதும் நம்புவதில்லை, ஐந்து. இவர் சமையல் அறிந்தவர், ஐந்து. இவருக்கும் சமையலுக்கும் சம்பந்தமே இல்லை, ஐந்து. ஒரு தாளின் தலைப்பில் ‘வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் யாரோ அடியில் கோடிட்டு ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார்கள். மொத்தக் கட்டிலும் ஒரே ஒரு தாளில்தான் வித்தியாசம். அதில் எல்லாவற்றுக்கும் நான்கு.

“இது யாரு, ஒனக்கு வேண்டாதவங்களா?” என்று கேட்டார் கணவர்.

தாளின் அடியில் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பணியில் இருந்த காலம் முழுவதும் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டு அறியாதவர். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நாத்தனாரை அழைத்தேன்.

“எல்லாரும் அஞ்சே போட்டிருக்காங்களே. நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொன்னேன் அண்ணி? ஒன்னுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க்கு, யாரும் கொறச்சுப் போட்ராதீங்க, பாவம் அண்ணி பெயிலாயிருவாங்கன்னு சொன்னேன். அவ்ளோதான்.”

“அது எனக்குப் போடற மார்க் இல்லலா. அந்த நடிகரைப் பத்தி.”

“அந்தாளுக்கு நாங்க எதுக்கு மார்க் போடணும்? அவரா படிக்கிறாரு?”

“மேல எழுதியிருந்துச்சே, ஏற்கிறேன், மறுக்கிறேன்னு. யாரும் படிக்கலையா?”

“ஃபாதரே சொல்லிட்டாரு, நீங்க பாஸ் பண்றது எங்க கையில இருக்குன்னு. அதுக்கு மேல என்னத்தப் படிக்கிறது? ஏன், எவனாச்சும் கொறச்சிட்டானா? யாருன்னு சொல்லுங்க.”

தலைமையாசிரியரை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு, என் ஆய்வு ஒன்றைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்திருக்கிறது என்று விளங்கியது. மக்கள் நம்பும் ஒருவர் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொருளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்கள். நடிகருக்குப் பதில் ஃபாதர், தூளுக்குப் பதில் நான். என்ன, அதை அளக்க நான் கருவி செய்திருக்கவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரின் அறையில் இருவரும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கேள்வித்தாளின் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. அது ஒன்றை நெருங்க நெருங்கக் கேள்வித்தாள் நம்பகமானது என்று பொருள். தலைகீழ்க் கூற்றுகளின் எண்களை மட்டும் முதலில் திருப்பிப் போட வேண்டும், ஐந்து என்றால் ஒன்று. அப்படிப் போட்டதும் எனக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது.

“மைனஸா?” என்றார் அவர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “அக்கா, அந்தத் தலகீழ்க் கேள்வியெல்லாம் தூக்கிட்டு ஓட்டிப் பாருங்க.”

தூக்கிவிட்டு ஓட்டினேன். திரையில் எண் வந்தது. ஒன்று. பக்கத்தில் வெறும் பூஜ்யங்கள். எந்த ஆய்வாளருக்கும் வாழ்நாளில் வாய்க்காத முழுமை. எல்லோரும் ஐந்து, தலைமையாசிரியர் மட்டும் எல்லாவற்றுக்கும் நான்கு என்பதால், கணினியின் கண்ணுக்கு அத்தனை கேள்விகளும் ஒரே குரலில் பேசின. அந்த முழுமை முழுவதும் ஒரு மனிதரின் கஞ்சத்தனத்தில் நின்றது.

“ஒன்னு கொஞ்சம் ஓவர்தான்,” என்றார் மேற்பார்வையாளர். “ஆனா பேனலுக்குப் பிடிக்கும். முன்னோட்டம்தானே அக்கா. இத வச்சுப் பாஸ் பண்ணிட்டு, அப்புறமா பார்த்துக்கலாம்.”

அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் என்னைத் தேற வைக்க வேண்டும் என்ற நெருக்கடி. நான் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தீவுப் பாலத்துக்குப் போகும் சாலையில் நெரிசலில் நின்றபோது, அது என் பக்கத்து இருக்கையில் கிடந்தது. மூன்றாவது தடவை. குழுவினருக்கு எண் இருக்கிறது, ஆள் இருக்கிறது. தலையாட்டிவிடுவார்கள். கவுண்டர் கிடையாது. எல்லாம் சரிதான். ஆனால் ஐந்து போட்டவர்கள் என்மேல் இருந்த பிரியத்தால் போட்டார்கள். அந்தப் பிரியத்தை எடுத்து நடிகரின் பெயரில் எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. அதோடு, தேறிவிட்டால் இதே கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு தீவு முழுவதும் அலைய வேண்டும் என்பதையும் யோசித்தேன். எத்தனை ஃபாதர்களைத் தேடுவது?

அந்த வார இறுதியில் ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். கேள்வித்தாளை நாத்தனாருக்கு ஒழுங்காக விளக்கி, அவளை வைத்தே மறுபடி முயற்சி செய்து பார்க்கலாம் என்று எண்ணம். அவள் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தத் தூள் பாக்கெட் இருந்தது. அதன்மேல் நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவர் விளம்பரத்துல வர்றதாலதான் இதை வாங்கினியா?” என்று நேரடியாகவே கேட்டேன்.

“சீ, அதெல்லாம் இல்ல அண்ணி. கடையில இருந்துச்சு, எடுத்தேன்.”

“வேற தூளும் இருந்திருக்குமே.”

“இருந்துச்சு. இத எடுத்தேன். ஏன், இதுவும் பரிச்சையா?”

அவள் முகத்தில் தேர்வு எழுதும் பிள்ளையின் கவனம் வந்துவிட்டது. எதைச் சொன்னால் அண்ணிக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று யோசிக்கிறாள். இனி இவளிடம் ஐந்துதான் கிடைக்கும் என்று நான் பையை மூடினேன். பேச்சை மாற்ற, சும்மாதான் கேட்டேன்.

“மேல்வீட்டு அக்காவும் இதான் வாங்குறாங்களா?”

கரண்டியை அப்படியே சட்டியில் விட்டாள்.

“ஐயோ, அவங்களா! அண்ணி, அத ஏன் கேக்குறீங்க. அந்தாளு டிவியில வந்தா அடுப்புல என்ன இருந்தாலும் வந்து நின்னுருவாங்க. அவரு கண்ண மூடுனா இவங்களும் கண்ண மூடுவாங்க. நான் பார்த்திருக்கேன்லா. பாவம், அவங்க வூட்டுக்காரரு கல்யாணம் பண்ணதுலேர்ந்து ஒரு நாளு, ஒரு நாளாச்சும், கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னதில்ல. போனப் பாத்துக்கிட்டே தின்னுட்டுப் போயிருவாரு. டிவியில ஒருத்தன் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு மோந்து பார்க்குறான் பாருங்க. அது போதும் அவங்களுக்கு. தூளு நல்லாருக்கா இல்லையாங்கிறதெல்லாம் யாரு பார்த்தா?”

சொல்லிவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அவள் கணவர் சாய்வு நாற்காலியில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியை எடுத்து மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

நான் இரண்டு மூன்று சாக்குகளைச் சொல்லி மேல்வீட்டுக்கும் ஏறினேன். அந்த அக்கா தன்னைப் பற்றிக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நானா? நான் இன்னைக்கும் பாசார்ல மல்லி வாங்கிக் காயவச்சு மில்லுல அரைக்கிறவம்மா. பாக்கெட்டெல்லாம் தொடமாட்டேன்.” பாக்கெட் அடுப்படியில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். “கீழ்வீட்டுப் புள்ள இருக்கே, உங்க நாத்தனாரு. அதுக்குத்தான் அந்த நடிகர்னா உசிரு. நகைக்கடை தொறக்க வந்தப்ப வெயில்ல நின்னு பார்த்துட்டு வந்துச்சு. புருசன் ஒரு வார்த்த பேசுறதில்ல. என்ன பண்ணும், சொல்லுங்க?”

வீட்டுக்குத் திரும்பியதும் ஆய்வு முறைப் பாடநூலை எடுத்தேன். யாரும் வகுப்பில் நடத்தாத ஒரு பகுதியில் இருந்தது: மறைமுகக் கேள்வி. தம்மைப் பற்றிக் கேட்டால் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்கிறவர்களிடம், அவர்களைப் போன்ற இன்னொருவரைப் பற்றிக் கேட்க வேண்டும். இன்னொருவரைச் சொல்வதாக நினைத்துத் தம்மையே சொல்லிவிடுவார்கள். இதை எங்கோ அறிஞர்கள் கூடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இது மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடக்கிறது.

மூன்றாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினேன். உண்மையான பக்கத்து வீட்டாரைப் பற்றிக் கேட்டால் அடிதடி வரும் என்பதால், ‘உங்கள் வட்டாரத்தில் உங்களைப் போன்ற ஒரு பெண்’ என்று கற்பனை ஆள் ஒருத்தியை வைத்தேன். அவள் ஏன் இந்தத் தூளை வாங்குகிறாள், ஒரு கதைபோலச் சொல்லுங்கள். கிடைக்கும் காரணங்களைப் பெயரிட்டு வகைபிரித்து, இரண்டு பேர் தனித்தனியே சரிபார்த்து, பிறகு எண்ணுவது. ஆளும் உண்டு, எண்ணும் உண்டு. மேற்பார்வையாளர் பொறுமையாகப் படித்தார்.

“அக்கா, இது பொறணி பேசறதுதானே?”

“ஆமா டாக்டர். ஆனா வகைபிரிச்சு, ரெண்டு பேர் தனித்தனியா சரிபார்த்த பொறணி.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்த ஒன்ன வச்சுப் போனா ஷுவரா பாஸ். இதுல ரிஸ்க் இருக்கு. கடேசி சான்ஸ் அக்கா,” என்றார். தெரியும் என்றேன். கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

புதிய முன்னோட்டத்துக்கு, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் சக ஆசிரியையின் கோயில் தோழிகளைப் பிடித்தேன். யார் கையிலும் மைக் கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். ஒருவர்கூட நடிகருக்கு மயங்குகிறவர் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த மற்ற எல்லாப் பெண்களும் மயங்குகிறவர்கள். அந்த மற்றவள் ஏன் மயங்குகிறாள் என்று சொல்லத் தொடங்கியவர்களை நிறுத்தத்தான் சிரமப்பட்டேன்.

குழுவின் முன் மூன்றாம் தடவை நின்றேன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன். கோயில் ஹாலில் வாங்கிய ஐந்துகளை ஒளிக்காமல் முதலிலேயே காட்டி, அந்த முறையை ஏன் கைவிட்டேன் என்று சொன்னேன். குழுத்தலைவர் குறிப்பெடுத்தார். பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சாய்வை நான் நன்றாக அறிவேன்.

“சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் இது அதிகம் படிக்காத இல்லத்தரசிகளுக்குச் சரி. படித்தவர்கள் விளம்பரத்துக்கு மயங்குவதில்லை. அவர்களிடம் நேரடியாகவே கேட்கலாமே. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்.”

பயனுள்ள கருத்து, நன்றி என்று சொல்ல வாய் திறந்தேன். வேறொன்று வந்தது.

“பேராசிரியர், உங்களைப் போன்ற, இதே துறையில் இருக்கும் ஒருவர், நட்சத்திரம் விளம்பரம் செய்த பொருளை வாங்குவாரா?”

“என் சகாக்களா?” அவர் முகம் மலர்ந்தது. “தாராளமாக. இதோ, நம் தலைவரின் காலணியைப் பாருங்கள். ஒரு பூப்பந்து வீரர் சொன்னாராம். இவர் பந்து மட்டையைக் கையால் தொட்டதே இல்லை.”

குழுத்தலைவர் எழுதுவதை நிறுத்தினார். “எனக்குக் குதிகால் வலி. மருத்துவர் சொல்லி வாங்கியது. கடலுக்கடியில் குண்டு வெடித்தாலும் நிற்காத கைக்கடிகாரம் கட்டியிருப்பது நான் இல்லையே? எந்த நடிகர் அது, மலையிலிருந்து குதிப்பாரே?”

“அது துல்லியத்துக்காக வாங்கியது.”

“நம் கூட்டங்களுக்குத் தாமதமாக வரும் துல்லியமா?”

“உங்கள் மகள்கூடச் சொன்னாள், அம்மா வீட்டுக்குள்ளும் அந்தக் காலணியோடு நடக்கிறார் என்று.”

மேற்பார்வையாளர் கூரை விசிறியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை. நான் பேனாவைத் திறந்து, பேராசிரியர்கள் சொன்ன காரணங்களை வகைவாரியாகக் குறிக்கத் தொடங்கினேன்: உடல்நலம், துல்லியம், மருத்துவர் ஆலோசனை. இருவரும் ஒரே சமயத்தில் என் பேனாவைப் பார்த்தார்கள். கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று வாசலில் இருந்த எழுத்தர் வந்து சொன்னார்.

வெளியே நீள நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. மேற்பார்வையாளர் என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தார். “அக்கா, அந்த மருத்துவர் ஆலோசனைய எழுதாம இருந்திருக்கலாம்,” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கீழ்த்தளத்துக் கவுண்டரின் கண்ணாடி, அதில் ஒட்டியிருக்கும் தள்ளுபடி அறிவிப்பு, அதன் பின்னால் என் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின.

திருத்தங்களுடன் தேர்ச்சி என்றார்கள். திருத்தங்கள் இரண்டு. ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். படித்தவர்களிடம் நட்சத்திர விளம்பரங்களின் தாக்கம் குறைவாக இருக்கக்கூடும் என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டவர் யார் என்று எழுதத் தேவையில்லை. இருவருமே கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதலாம். பத்தியைச் சேர்த்துவிட்டேன். ‘இருக்கக்கூடும்’ என்ற சொல் எதையும் தாங்கும்.

சில வாரங்களில் புத்தாண்டின் வகுப்பு அட்டவணை வந்தது. எனக்குத் திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு, மூன்றாம் மாடியில், குளிரூட்டி பெயரளவுக்கு மட்டும் இருக்கும் அறை. முன்பென்றால் ஆட்சேபித்து மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன். திங்களன்று சீக்கிரமாகவே போய், வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டு, மூலையில் தேதியை எழுதினேன். முதலாவதாக வந்த மாணவி கதவைத் திறந்தவுடன் முகத்தைச் சுளித்தாள்.

“மிஸ், என்ன மிஸ், இந்த ரூம் இவ்ளோ சூடு?”

“முன்வரிசையில் விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது,” என்றேன். “வந்து உட்கார்.”